டபுள் விசிலாரின் காளான் பஸ்

காற்றுக்கு டிக்கெட் கிழித்த மனிதர் இந்தப் பூவுலகில் ஒருவர் உண்டென்றால், அது திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்ப்போர்ஷன்காரர் டபுள் விசில்தான். எந்தக் காற்று எந்த நேரத்தில் எந்த வழியாக ஏறலாம், எங்கே இறங்கிவிட வேண்டும் என்பதற்கெல்லாம் அவர் சட்டம் வைத்திருந்தார். சட்டத்தை மீறி உள்ளே வந்த மதியக் காற்றை அவர் ஈரச் சாக்கை வீசி விரட்டியதை நானே பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். ஒரே வாரத்தில் என் கையிலும் ஒரு சாக்கைக் கொடுத்துவிட்டார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே அரசு பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். அவர் 'ரைட்' சொல்லி யாரும் கேட்டதில்லை. எல்லாம் விசில்தான். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும், இரண்டு விசில் என்றால் கிளம்பும். அந்த இரண்டாவது விசிலில் ஒரு தனி அழுத்தம் இருக்கும். மயிலம் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டவர்கள்கூட அதைக் கேட்டுத் தங்களை அறியாமல் நாலடி நடந்துவிடுவார்கள்.

ஓய்வு பெற்ற மறுநாளே அவருக்கு ஒரு பிரச்சினை வந்தது. உட்கார வரவில்லை. ஹால் ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்து, இடுப்பைச் சுவரில் சாய்த்து, கால்களை அகட்டி நின்றபடிதான் டி.வி. பார்ப்பார். சாப்பாடும் நின்றுகொண்டுதான். தரை ஆடாமல் இருப்பதால் தலை சுற்றுகிறது என்று டாக்டரிடம் போய் வந்தார். டாக்டர் என்ன மருந்து கொடுத்தாரோ தெரியாது, அதையும் நின்றுகொண்டேதான் விழுங்கினார்.

அவர் மனைவி கஸ்தூரியம்மா கெடார்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஒடிசலான உடம்பு, அளவான பேச்சு. பேசினால் சுருக்கென்று பேசுவார்.

"இன்னாங்க, கொஞ்சம் உக்காருங்களேன். நீங்க நிக்கிறதப் பாத்தா, நானும் எங்கியோ எறங்கணும்னு தோணிக்கினே இருக்குது."

இப்படியே போயிருந்தால் இருவரில் ஒருவர் உண்மையிலேயே எங்காவது இறங்கிப் போயிருப்பார். நல்லவேளையாகக் காளான் வந்தது. சிநேகிதர் ஒருவர் காளான் வளர்ப்புப் பயிற்சிக்குப் போனார். துணைக்கு இவரும் போனார். சிநேகிதர் உட்கார்ந்து கேட்டதால் பாதியில் தூங்கிவிட்டார். இவர் நின்றுகொண்டே கேட்டதால் முழுசும் கேட்டார்.

புதுச்சேரியில் கல்யாணமாகிப் போன மகளின் அறை பின்பக்கம் காலியாகக் கிடந்தது. அதன் தரையில் மணலைக் கொட்டித் தண்ணீர் தெளித்தார். சுவரெல்லாம் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டார். கெடாரிலிருந்து மச்சான் அனுப்பிய வைக்கோலை வேகவைத்து, உலர்த்தி, காளான் விதையோடு நீளமான பிளாஸ்டிக் பைகளில் அடைத்தார். தலையணை உறை போலிருக்கும் அந்தப் பைகளுக்கு 'பெட்டு' என்று பெயர். அவற்றை நைலான் கயிற்றில் இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை, நடுவில் நடக்க வழி என்று தொங்கவிட்டார். ஒவ்வொன்றுக்கும் சீட் நம்பர் வேறு எழுதினார். ஒருநாள் எட்டிப் பார்த்தபோது அவர் ஒரு பெட்டைத் தள்ளிக்கொண்டு, "உள்ள போ, உள்ள போ, நடுவுல அவ்ளோ எடம் கெடக்குது பாரு" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

சிப்பிக் காளானுக்கு வேண்டியவை குளிர்ச்சி, ஈரம், நல்ல காற்று. சிக்கல் என்னவென்றால், இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. காற்றுக்காகத் திறந்தால் சூடு வந்துவிடும், ஈரம் போய்விடும். ஈரத்துக்காக மூடினால் காற்று கெட்டுவிடும். காற்று கெட்டால் காளானின் காம்பு நெடுநெடுவென்று நீண்டு, குடை சுண்டிப்போகும். இதை அவர் எனக்கு விளக்கிய விதமே தனி.

"கூட்ட நேரத்து பஸ்ல நடுவுல மாட்டுனவன் இன்னா பண்றான்? கழுத்த நீட்டி ஜன்னல் பக்கம் மூஞ்சிய வெக்கிறானா இல்லியா? அதே கேஸுதான் சார். காளான் கழுத்த நீட்டுச்சுன்னா உள்ள மூச்சுக்காத்து, அதான் கார்பன், ஏறிப்போச்சுனு அர்த்தம்."

ஆகவே அவர் அறைக்கு இரண்டு படிகள் வைத்தார். வடக்குச் சுவரில் தரையோடு ஒட்டி ஒரு துவாரம், அதன் மேல் ஈரச் சாக்கு. அது ஏறும் படி. எதிர்ச் சுவரின் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அது இறங்கும் படி. காற்று கீழே நனைந்து ஏறி, எல்லாப் பெட்டையும் விசாரித்துவிட்டு, சூட்டையும் கார்பனையும் சுமந்துகொண்டு மேலே இறங்க வேண்டும். நடுவில் தொங்கும் வெப்பமானியில் சிவப்புக் கோடு இருபத்தைந்தைத் தாண்டினால் அவர் முகமும் சிவந்துவிடும்.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்று கேட்கிறீர்களா? கீழ்வீட்டின் பழைய ஒயரிங் அந்த ஃபேனைத் தாங்கவில்லை. எலக்ட்ரீஷியன் தற்காலிகமாக எங்கள் மாடியிலிருந்து ஒரு லைன் இழுத்தார். சுவிட்ச் எங்கள் சமையலறை வாசலில் அமைந்துவிட்டது. டபுள் விசில் மாடிக்கு வந்து என் மனைவி சாந்தியிடம் பவ்யமாகச் சொன்னார்.

"ரெண்டு விசில் குடுத்தா போடுங்கம்மா. ஒரு விசில் குடுத்தா நிறுத்துங்க. அவ்ளோதான் வேல. இனிமே நீங்கதான் நம்ம வண்டிக்கு டிரைவரு."

சாந்திக்குப் பெருமை பிடிபடவில்லை. இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாலும் விசில் கேட்டால் ஓடிப்போய்த் தட்டுவாள். அதற்குச் சம்பளம் காளான். காளான் குழம்பு, காளான் கூட்டு, காளான் பொரியல். ஒரு வெள்ளிக்கிழமை பாயசத்தைக்கூடக் கரண்டியால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

விழுப்புரத்தில் எனக்கு ஆபீஸ். ஒரு நாள் மாலை நான் வீடு திரும்பியபோது கீழே ஒரே ரகளை. மொட்டு விட்டிருந்த காளான் எல்லாம் ஓரம் காய்ந்து, மஞ்சளாகி, கருவாடாகத் தொங்கின. மதியம் முழுக்க அனல்காற்றில் ஃபேன் ஓடியிருக்கிறது.

"யாரும்மா போடச் சொன்னது? நான் மத்தியானம் ஊர்லயே இல்லியே!" என்று டபுள் விசில் அலறினார்.

"நீங்கதாண்ணே ஊதுனீங்க. ஒண்ணு ஊதுனீங்க, நிறுத்துனேன். ஒடனே ரெண்டு ஊதுனீங்க, போட்டேன். மறுபடி ஒண்ணு, மறுபடி ரெண்டு. பேஜாரா இருக்குதேன்னு நெனச்சேன். ஆனா டூட்டின்னா டூட்டிதானே?" என்றாள் சாந்தி.

விஷயம் இதுதான். எங்கள் தெரு முனையில் டவுன் பஸ் நிறுத்தம். வருகிற ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு விசிலில் நிற்கும், இரண்டு விசிலில் கிளம்பும். திண்டிவனத்து டவுன் பஸ்கள் எல்லாம் சேர்ந்து எங்கள் ஃபேனை ஓட்டியிருக்கின்றன. டபுள் விசில் தலையில் கைவைத்தார்.

"அய்ய, அவன் விசில்ல பட்டாணி இருக்குதும்மா. கரகரன்னு வரும். என்னுது பட்டாணி இல்லாத விசிலு. ஒரு டிரைவருக்கு இது தெரிய வாணாமா?"

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு நிறுத்தத்துக்கே போய், வந்து நின்ற பஸ்ஸின் படியில் கையை வைத்து, அந்தக் கண்டக்டரிடம், "தம்பி, இந்த ஒரு எடத்துல மட்டும் ஊதாத, காளான் இருக்குது" என்று கேட்டுக்கொண்டார். அந்த இளம் கண்டக்டர் பார்த்த பார்வையை என்னால் விவரிக்க முடியாது. அவர் இரண்டு விசில் கொடுத்தார். மேலே சாந்தி சுவிட்சைத் தட்ட, கீழே ஃபேன் ஓடியது. அந்த வாரமே டபுள் விசில் கீழ்வீட்டு ஒயரிங்கை மாற்றி, சுவிட்சைக் காளான் அறைக் கதவோரம் இறக்கிக்கொண்டார். சாந்திக்கு வேலை போன வருத்தம் ரொம்ப நாள் இருந்தது.

இன்னொரு முறை வேர்க்கடலை வியாபாரியிடம், எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை வியாபாரியிடம், பழைய சாக்குகளை வாங்கிவந்து நனைத்துக் கட்டினார். நனைந்ததும் மல்லாட்டை வாசம் தெருவெல்லாம் மணந்தது. திண்டிவனத்து எலிகள் உறவினர்களோடு வந்து சேர்ந்தன. அவற்றை விரட்டக்கூட அவர் கம்பை எடுக்கவில்லை. வாசலில் நின்று ஒரு விசில் கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை எலியும் இறங்கின.

அவருடைய புதுச்சேரி சம்பந்தி காளான் அறையைப் பார்க்க ஆசைப்பட்டு வந்த நாளும் மறக்காது. கனத்த சரீரம் கொண்ட மனிதர். டபுள் விசில் அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"மூச்ச முழுசா வெளிய வுட்டுட்டு உள்ள வாங்க. பாத்துட்டு ஜல்தியா வெளிய வந்து இழுத்துக்கலாம்."

சம்பந்தி சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க! சிரிச்சா டபுள் கார்பன்!"

சம்பந்தி கோபித்துக்கொண்டு காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். கஸ்தூரியம்மாதான் போனில் பேசிப் பேசிச் சரிசெய்தார்.

இவ்வளவு கெடுபிடிக்கும் ஒரு காரணம் இருந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் பாதி குறைந்துவிட்டது. விழுப்புரத்தில் ஒரு ஓட்டல் மேனேஜர், "காம்பு கட்டையா, குடை நல்லா விரிஞ்சு இருந்தா தெனமும் எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். தினமும் என்றால் தினமும். காலையில் கூடையோடு விழுப்புரம் பஸ் ஏற வேண்டும். அதே ரூட். அதே கூட்டேரிப்பட்டு, அதே விக்கிரவாண்டி. வேடிக்கை பார்க்கப் போகிற ஆளாக அல்ல, வேலையாகப் போகிற ஆளாக.

"சும்மா போயி பஸ்ல உக்காந்தா ஒடம்பு கூசுது சார். கையில ஒரு வேல இருந்தா நின்னுக்கினே போலாம்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மாசியில் கொடுத்த சாம்பிளை மேனேஜர் தட்டிக்கொடுத்து வாங்கிக்கொண்டார். கத்திரி வெயில் பிறந்ததும் கதை மாறியது. வெப்பமானி ஒழுங்காக இருபத்தைந்தில் நிற்கிறது, சாக்கு ஈரமாக இருக்கிறது, ஆனால் காளான் கழுத்தை நீட்டுகிறது. மேனேஜர் ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்து, "இன்னா பெரியவரே, காளான்னு சொல்லிட்டு முருங்கக்காய் கொண்டாந்திருக்கீங்க?" என்றாராம். திங்கட்கிழமை இன்னொரு சாம்பிள் பார்ப்பதாகவும், அதுவும் இப்படி இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

டபுள் விசில் சோறு தண்ணி இல்லாமல் அறையையே சுற்றி வந்தார். சனிக்கிழமை காலை மாடிக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ரகசியக் குரலில் சொன்னார்.

"சார், உள்ள யாரோ டிக்கெட் இல்லாம, வித்அவுட்டு ஏறுறாங்க."

"என்னண்ணே சொல்றீங்க?"

"நான் மத்தியானம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிட்டு வர்றேன்ல, அந்த நேரத்துல யாரோ ஃபேன நிறுத்திட்டு, கீழ்த் துவாரத்த அடச்சிட்டு, உள்ள உக்காந்து மூச்சு வுட்டுக்கினு இருக்காங்க. கார்பன் ஏறாம இன்னா பண்ணும்? மூலையில மணல்ல மூணு குழி இருக்குது சார். முக்காலி போட்ட குழி. உங்க வீட்ல முக்காலி இருக்குதா?"

எங்கள் வீட்டில் முக்காலி இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒன்று உண்டென்பது எனக்கும் சாந்திக்கும் நன்றாகத் தெரியும். கஸ்தூரியம்மா காய் நறுக்க உட்காரும் முக்காலி. எப்போதும் அது அவர் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. நின்றுகொண்டே சாப்பிடுகிற மனிதருக்கு, மனைவி எதன் மேல் உட்காருகிறார் என்பது கண்ணில் படவே இல்லை. சாந்தி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இங்கே அவர்கள் அடுப்படியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டை ஒட்டி மேற்குப் பார்த்து இறக்கிய ஒண்டு அறை. மேலே சிமெண்ட் ஷீட். ஜன்னல் கிடையாது. அடுப்புக்கு மேலே புகை போக ஒரு சின்ன ஓட்டை மட்டும். முன்பெல்லாம் மதியத்தில் கஸ்தூரியம்மா எங்கள் மாடிப்படியின் நிழலில் உட்கார்ந்து, நனைத்த முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். சாந்தி கேட்பாள்.

"அக்கா, அடுப்படியில ஒரு ஃபேனு போட்டுக்கக் கூடாதா?"

"போட்டா அடுப்பு அணையுதும்மா. அவருக்குச் சோறு வேணுமே."

அந்தக் கத்திரியில் அவர் படிக்கு வருவது நின்றுபோயிருந்தது. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மதியம் டபுள் விசில் செக்கிங் போட்டார். "விழுப்புரம் வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்று மனைவியிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, வெயிலில் நடந்து திரும்பி, பின்பக்கச் சந்து வழியாக வந்தார். சாட்சிக்கு நான். கழுத்தில் விசில். 'வித்அவுட்'டைக் கையும் களவுமாகப் பிடித்ததும் ஊதுவதாக ஏற்பாடு. அந்த அம்மாளை இந்த மனிதர் என்ன சொல்லிக் கத்தப்போகிறாரோ, அதை நான் ஏன் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அவர் கதவை ஓசைப்படாமல் தள்ளினார்.

ஃபேன் ஓடவில்லை. அனல் வந்துவிடக் கூடாதென்று கீழ்த் துவாரத்தில் ஒரு பழைய புடவையைத் திணித்திருந்தது. மூலையில் அந்த முக்காலி. அதன் மேல் கஸ்தூரியம்மா. ஈரச் சாக்கில் தலையைச் சாய்த்து, மடியில் பாதி நறுக்கிய பீர்க்கங்காயோடு, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் காளான் தொங்கியது. அவ்வளவு நிம்மதியான முகத்தை அந்த வீட்டில் நான் அதுவரை பார்த்ததில்லை.

டபுள் விசில் விசிலை உதட்டில் வைத்தார். கன்னம் உப்பியது. எந்த விநாடியும் ஊதிவிடுவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், மனிதர் அந்தக் காற்றை மூக்கு வழியாக மெதுவாக, மிக மெதுவாக வெளியே விட்டுக்கொண்டிருந்தார். விசில் கையில் இருந்தது. பூனை மாதிரி உள்ளே போனவர், வெப்பமானியை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எங்கண்ணே கொண்டு போறீங்க?" என்று கிசுகிசுத்தேன்.

அவர் நேரே அடுப்படிக்குப் போய், மளிகை டப்பாக்களுக்கு நடுவே அதை மாட்டினார். அடுப்பு அணைந்து நேரமாகியிருந்தது. இருந்தும் சுவரைத் தொட முடியவில்லை. இருவரும் வியர்த்து வழிய நின்றோம். சிவப்புக் கோடு ஏறியது. முப்பதைத் தாண்டியது. நாற்பதைத் தாண்டியது. அதற்கும் மேலே போய் ஒரு வழியாக நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சூட்டுல ஒரு காளான் உசுரோட இருக்காது சார்" என்றார்.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சர்வீஸ்ல இருந்தவரைக்கும் நான் பகல் சோத்துக்கு வீட்டுக்கு வந்ததே இல்ல சார். விழுப்புரத்துல சாப்புட்டுக்குவேன். இந்த நேரத்துல இந்த ரூம்ல நான் நின்னதே இல்ல" என்றார்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். அவர் ஸ்டூலைப் போட்டு, காளான் அறைச் சுவரின் வெளிப்பக்கமாக எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றத் தொடங்கினார். எனக்குப் பதறியது. திங்கட்கிழமை சாம்பிள். ஃபேன் இல்லாமல் இரண்டு நாள் இருந்தால் காளான் முருங்கைக்காயைத் தாண்டிப் புடலங்காயாகிவிடும். கத்திரி வெயிலில் திண்டிவனத்துக் கடைகளில் அந்த சைஸ் ஃபேன் அடியோடு தீர்ந்துபோயிருந்தது. நானே எங்கள் வீட்டுக்கு ஒன்று கேட்டு, கிடைக்காமல் திரும்பியிருந்தேன்.

"அண்ணே, திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கிட்டு, அப்புறமா மாத்திக்கலாமே."

அவர் ஸ்குரூவைத் திருகுவதை நிறுத்தவில்லை.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து பொறுத்துக்கினுதான் சார் இருக்கா. இன்னும் ரெண்டு நாளு பொறுன்னு எந்த வாயால சொல்லச் சொல்றீங்க?"

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அடுப்புக்கு மேலிருந்த புகை ஓட்டையை உளியும் சுத்தியலும் கொண்டு பெரிதாக்கினோம். அதாவது, அவர் உடைத்தார், நான் தும்மினேன். சத்தத்தில் கஸ்தூரியம்மா எழுந்து, முக்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கணவரைப் பார்த்ததும் முக்காலியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நீங்க விழுப்புரம் போவல? நான் சும்மா... பூன வந்துச்சான்னு பாக்க..."

பிறகுதான் ஃபேனைப் பார்த்தார்.

"அய்யய்யோ, இன்னாங்க பண்றீங்க? திங்கக்கிழம ஓட்டல்காரனுக்குக் குடுக்கணுமே! அத ஏன் இங்க மாட்டுறீங்க? என்னாலதான் கெட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியுங்க. இனிமே உள்ள போமாட்டேன். கழட்டுங்க, முதல்ல கழட்டுங்க!"

சொல்லும்போதே அந்த அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சுண்ணாம்புத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். டபுள் விசில் ஸ்டூலிலிருந்து இறங்கவேயில்லை. கடைசி ஸ்குரூவை முடுக்கிவிட்டு, அடுப்படிச் சுவிட்சோரம் நின்ற என்னைப் பார்த்து விசிலை எடுத்து வாயில் வைத்தார். இரண்டு விசில். நான் தட்டினேன். ஃபேன் சுழன்றது. அத்தனை வருடச் சூடும் ஷீட்டுக்கு அந்தப்பக்கம் இறங்கிப் போகிற மாதிரி எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை அவர் கூடையோடு விழுப்புரம் போனார். மேனேஜர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிவிட்டாராம். மாலையில் கூடையோடு திரும்பி வந்தவரை வாசலில் நின்று கஸ்தூரியம்மா பார்த்தார். கூடையைக் கையில் வாங்கிக்கொண்டார். டபுள் விசிலே சொன்னார்.

"அவனுக்குக் காம்பு புடிக்கலியாம். எனக்குப் புடிச்சிருக்குது. கொழம்பு வையி."

அன்று முதல்முறையாக அவர் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கஸ்தூரியம்மா சாந்தியிடம் சொன்னார். அடுப்படியில், தரையில், மனைவி சமைப்பதைப் பார்த்தபடி.

காளான் அறைக்கு அப்புறம் புது ஃபேன் வந்தது. வடக்குச் சுவரில் இன்னொரு கீழ்த் துவாரமும் வந்தது. உள்ளே ஓர் ஆள் மூச்சு விட்டாலும் கார்பன் ஏறாமலிருக்க அந்த ஏற்பாடு. வலப்பக்கக் கடைசியில் நாலைந்து பெட்டுகளை எடுத்துவிட்டு இடம் ஒதுக்கினார். காயலாங்கடையில் தேடிப் பிடித்து, பழைய பஸ் சீட் ஒன்றைக் கொண்டுவந்து அங்கே போட்டார். சுவரில், சீட்டுக்கு நேர் மேலே, பஸ்ஸில் எழுதியிருப்பது போலவே மஞ்சள் பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'பெண்கள்'.

விழுப்புரம் ஓட்டல் போனது போனதுதான். இப்போது காளானைத் தெருவிலேயே விற்கிறார், நாலு கூப்பிடு தூரத்துக்குள். அந்த ரூட்டைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

போன வருடம் நாங்கள் விழுப்புரத்துக்கே வீடு மாறிவிட்டோம். இந்தக் கத்திரியில் ஒரு மதியம் திண்டிவனத்தில் வேலை இருந்தது. அப்படியே அவர் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில், காளான் அறை வாசலில், சரியான வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது, இடுப்பு சுவரில் சாய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார். கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் எழுத்துக்குக் கீழே கஸ்தூரியம்மா நன்றாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, நீங்களும் உள்ள உக்காரலாமே?" என்று கிசுகிசுத்தேன்.

"ரெண்டு ஆளு மூச்சு வுட்டா காத்து பத்தாது சார்."

"அப்ப ஹால்லயாவது போயி ஃபேன் கீழ நிக்கலாம் இல்ல? இங்க கால் பொசுங்குதே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மயிலம் கூட்டுரோட்டில் படியில் தொங்குகிறவனைப் பார்க்கும் பார்வை.

"வண்டியில ஆளு இருக்கறப்ப கண்டக்டர் எறங்கமாட்டான் சார்."

அவர் பக்கத்தில் நானும் நின்றேன். சூடே தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். செருப்பையும் தாண்டிச் சுட்டது. ஆனாலும் அந்த மனிதரை விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை.